ஜெல்லி ரோல் மார்ட்டன்

ஜெல்லி ரோல் மார்ட்டன் (அக்டோபர் 20, 1890 – ஜூலை 10, 1941) ஓர் அமெரிக்கப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். ஜாஸ் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான இவர், அவ்விசையைத் தோற்றுவித்தவர் தாமே எனக் கூறியது நெடிய விவாதத்துக்கு உள்ளானது.

வாழ்க்கை

நியூ ஓர்லியன்ஸ் நகரில் கிரியோல் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் ஃபெர்டினண்ட் ஜோசப் லாமோத். இளமையிலேயே ஸ்டோரிவில் பகுதியின் பரத்தையர் விடுதிகளில் பியானோ வாசித்தார். 1915ல் வெளியான இவரது "ஜெல்லி ரோல் புளூஸ்" அச்சில் வந்த முதல் ஜாஸ் ஆக்கங்களுள் ஒன்றாகும். 1926 முதல் ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவுடன் இவர் பதிவுசெய்த இசைத்தட்டுகள் புகழ்பெற்றவை. 1930களில் இவரது பாணி பழையதாகக் கருதப்பட்டு, வாய்ப்புகள் குறைந்தன.

உரிமைகோரலும் விவாதமும்

1938ல் வானொலி நிகழ்ச்சியொன்று டபிள்யூ. சி. ஹேண்டியை ஜாஸின் தோற்றுநராகக் குறிப்பிட்டது. இதை மறுத்த மார்ட்டன், 1902ல் தாமே ஜாஸை உருவாக்கியதாக டவுன்பீட் இதழில் எழுதினார். அவ்வாண்டே காங்கிரஸ் நூலகத்தில் ஆலன் லோமாக்ஸ் இவரது பேச்சையும் வாசிப்பையும் எட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவுசெய்தார்.

மார்ட்டன் தாம் 1885ல் பிறந்ததாகக் கூறிவந்தார். ஆனால் பின்னர் கண்டறியப்பட்ட திருமுழுக்குப் பதிவு 1890 என்கிறது. அதன்படி 1902ல் இவருக்கு வயது பதினொன்று அல்லது பன்னிரண்டே. எனவே வரலாற்றாளர்கள் இவரது உரிமைகோரலை ஏற்பதில்லை. எனினும், ஒரே ராக்டைம் ஆக்கத்தை இரு பாணிகளில் வாசித்து இவர் காட்டிய வேறுபாட்டைக் கேட்போர் தாமே சோதித்தறியலாம். ஒலிப்பதிவு எதையும் விட்டுச் செல்லாத டோனி ஜாக்சன் போன்ற கலைஞர்களைப் பற்றிய இவரது நினைவுகளும் முக்கிய சான்றுகளாகும். ஆண்டுகளில் நம்பத்தகாத இவர், இசையைப் பொறுத்தவரை மதிப்புமிக்க சாட்சியாகக் கருதப்படுகிறார்.

மறைவுக்குப் பின்

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். லோமாக்ஸ் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1950ல் வெளியானது. நூலகப் பதிவுகளின் முழுத்தொகுப்பு 2005ல் வெளிவந்து, 2006ல் கிராமி விருது பெற்றது.