பீதியைத் தணிக்கும் வழி சொன்ன பத்திரிகாசிரியர்

வங்கியொன்று முறியப் போகின்றதென்ற வதந்தி பரவினால், முதலில் ஓடிச் சென்றவர் பணத்தை மீளப்பெற்றுத் தப்பிக்கொள்வார். வரிசையின் கடைசியில் நிற்பவர் வெறுங்கையுடன் திரும்புவார். இவ்வச்சம் நல்ல நிலையிலுள்ள வங்கியையும் வீழ்த்திவிடும். இதற்கு மருந்து கூறியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேயப் பத்திரிகாசிரியர் வோல்டர் பஜெட் எனலாம்.

1826ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சமர்செட் பகுதியிலுள்ள லாங்போர்ட்டில், வங்கித் தொழிலில் ஈடுபட்ட குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தாயார் இடைக்கிடை மனநோயால் வருந்தியவர். லண்டனில் பட்டம் பெற்று, சட்டத்தரணியாகத் தகுதி பெற்றபோதிலும் அத்தொழிலை நாடாது, குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். 1858இல் ‘எக்கொனமிஸ்ட்’ வார இதழின் நிறுவுநரான ஜேம்ஸ் வில்சனின் மகளை மணந்தார். இந்தியாவின் நிதிப் பொறுப்பை ஏற்றுச் சென்ற வில்சன் 1860இல் கல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு இதழின் ஆசிரியர் பொறுப்பு பஜெட்டை வந்தடைந்தது.

1866 மே 10ஆம் திகதி ஓவரெண்ட் கேர்னி என்னும் பெரும் நிதி நிறுவனம் முறிந்தது. மறுநாள் ‘கறுப்பு வெள்ளி’ எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தைக் காப்பாற்ற மறுத்த இங்கிலாந்து வங்கி, தகுந்த பிணையம் வைத்திருந்த ஏனையோருக்குத் தாராளமாகக் கடன் வழங்கியதுடன் வட்டி வீதத்தையும் 10 சதவீதமாக உயர்த்தியது. பீதி படிப்படியாகத் தணிந்தது.

இவ்வனுபவத்தை 1873இல் ‘லொம்பார்ட் வீதி’ என்ற நூலில் அவர் கொள்கையாக வகுத்தார். நெருக்கடியில் மத்திய வங்கி தாராளமாகக் கடன் வழங்க வேண்டும். ஆனால் நல்ல பிணையத்தின் மீதே, உயர்ந்த வட்டிக்கே வழங்க வேண்டும். வட்டி வீதம் இறுகி நில்லாது உயர இடமளித்தால், தேவையற்றவர் கடன் கேட்கமாட்டார். வெளிநாட்டுப் பொன்னும் உள்ளே வரும் என்பது அவரது வாதம். 1877இல் பிரித்தானிய அரசுக்குத் திறைசேரி உண்டியலை வடிவமைத்துக் கொடுத்தவரும் அவரே. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், 51ஆவது வயதில் அவர் மறைந்தார்.

ஏழாண்டுகளின் பின், 1884இல், கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்திருந்த இலங்கையில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நாணயத்தாள்களுக்குத் தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை வழங்கியமையால் அவற்றை வைத்திருந்த மக்கள் காப்பாற்றப்பட்டனர். முறிந்த வங்கியைக் காப்பது வேறு, மக்களின் நம்பிக்கையைக் காப்பது வேறு என்பதற்கு இது சான்றாகும்.

பஜெட் வடிவமைத்த உண்டியலே பிற்காலத்தில் நமது துன்பத்துக்கும் கருவியாயிற்று. எமது மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களைத் தானே வாங்கிப் பணத்தைப் பெருக்கியமை, 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தமைக்கு ஒரு காரணமாகும். 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அவ்வாறு அரசுக்கு நிதியளிப்பதைத் தடைசெய்தது. பஜெட்டின் மருந்து பீதிக்கு உரியதேயன்றி, வரவுக்கு மீறிய செலவுக்கு உரியதன்று. இதை ஆட்சியாளர் மறந்தால், அதன் விலையைச் சாதாரண மக்களே செலுத்த நேரும்.