திருவானைக்காவல் தந்த சர் சி.வி.இராமன்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால், காவிரிப் பாலம் தாண்டியதும் வருவது திருவானைக்காவல். 1888 நவம்பர் 7-ந் தேதி அங்கே தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தவர்தான் சந்திரசேகர வெங்கட இராமன். தந்தையார் திருச்சியில் ஆசிரியராக இருந்தவர். 1892-ல் குடும்பம் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. ஆக, நமக்குக் கிடைத்தது அவருடைய முதல் நாலு வருடம் மட்டுமே. நம்ம ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள அது போதாதா!

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ., இரண்டிலும் சிறப்பான தேர்ச்சி. எம்.ஏ. படிக்கும்போதே, 1906 நவம்பரில், அவருடைய முதல் கட்டுரை இங்கிலாந்தின் பிலசாபிகல் மேகசினில் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 18. நம்மில் பலருக்கு இப்போது அதே வயசுதான்!

1907-ல் நிதித்துறைப் பரீட்சை எழுதி கல்கத்தாவில் பெரிய உத்தியோகம். காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம், நடுவில் ஆபீஸ். இப்படியே பல வருடம். 1917-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். இதை நான் வீட்டில் சொன்னபோது, கவர்மெண்ட் வேலையை யாராவது விடுவாங்களா என்று அம்மா நம்பவே இல்லை. படித்தவர்கள் வீட்டில்கூட அன்றைக்கு அப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது என்பதே அன்றைய விளக்கம். இராமன் ஒரு நிக்கல் பட்டகத்தை வைத்து அந்தப் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை! தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று தெரிந்தது.

ஏழு வருடம் அதே வழியில் போனார். சூரிய வெளிச்சத்தை லென்ஸால் குவித்து, ஒரு வடிகண்ணாடி வழியாக நீலத்தை மட்டும் திரவத்துக்குள் அனுப்பினார்கள். சிதறி வருவதை, நீலத்தைத் தடுக்கும் இன்னொரு வடிகண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒன்றுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. கிட்டத்தட்ட 60 திரவங்களில் பார்த்தார்கள். 1928 பிப்ரவரி 28-ந் தேதியை இன்று தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். கூடவே இருந்து உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 1930 நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணனின் பெயரை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

இதன் அருமை நம்ம லேப் கணக்கில் இப்படி: பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீலக்கோடு பென்சீனில் பட்டால், சுமார் 455-ல் இன்னொரு மெல்லிய கோடு தோன்றுகிறது. நடுவில் குறைந்த சக்தியை மூலக்கூறு தன் அதிர்வுக்கு எடுத்துக்கொண்டது. அந்தச் சக்தி 10 மைக்ரான் அகச்சிவப்புக் கதிருக்குச் சமம். அகச்சிவப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. தெர்மோபைல், போலோமீட்டர் என்று சூட்டை அளந்துதான் பிடிக்கணும். இராமன் அந்தச் சேதியை, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மாற்றிவிட்டார்! பென்சீனின் இந்தக் குறிப்பிட்ட அதிர்வு அகச்சிவப்பை உறிஞ்சுவதும் இல்லை. இராமன் வழியில்தான் அது பிடிபடும்.

1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்துக்கு இயக்குநராகப் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பாருங்கள்: சிப்பி, முத்து, பனங்காடையின் நீலச் சிறகு. சிப்பியின் பளபளப்பில் சாயமே கிடையாது. மெல்லிய அடுக்குகளின் கனம்தான் எந்த நிறம் திரும்பி வரும் என்று தீர்மானிக்கிறது. பனங்காடையின் நீலத்துக்கும் சிறகின் உள்ளமைப்பே காரணம்.

இந்த எண்ணத்துக்கு உறவான ஒன்றைத்தான் இன்றைய அகச்சிவப்பு சென்சாரில் பார்க்கிறோம். சில சென்சார்களுக்குத் திரவ நைட்ரஜன் குளிர்ச்சி வேண்டும். குளிரூட்டாத வகை விலை குறைவு, ஆனால் கரும்பூச்சு எல்லா அலைநீளத்தையும் ஒன்றாக விழுங்கிவிடும். எது எது என்று பிரித்துச் சொல்லாது. 2012-ல் ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று செய்து காட்டினார்கள். தங்கப் பரப்பில் வரிசையாக மைக்ரான் அளவுக் குழிகள். குழிக்குக் குழி உள்ள இடைவெளி எவ்வளவோ, கிட்டத்தட்ட அந்த அலைநீளம் மட்டும் தங்கத்தின் எலக்ட்ரான்களைக் கூட்டமாக ஆட்டி (இதுதான் பிளாஸ்மான்) உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது. மற்றவை திரும்பிவிடும். தங்கம் கண்ணாடி மாதிரி அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவது. குழி போட்டதும் விழுங்குகிறது! தனி வடிகண்ணாடி தேவையில்லை. வாயுவைக் கண்டறிய, தொடாமல் வெப்பநிலை அளக்க இது உதவும்.

1948-ல் பெங்களூரில் தனக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டினார் இராமன். 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-ல் காலமானார். அவர் விரும்பியபடி அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அவர் சேர்த்த கற்களும் சிப்பிகளும் அங்கேயே இருக்கின்றன.