பணிவிடையே தலைமைத்துவம்: யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு உணர்த்தும் பாடம்

எமது நாட்டிலே தலைமைத்துவம் பற்றிப் பேசப்படாத மேடையில்லை. ஆயினும், மக்களுக்கு ஆபத்து நேரும் வேளையிலே தலைவர் எங்கே நிற்கின்றார் என்ற கேள்வி எழுப்பப்படுவது அரிது. அக்கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமது வாழ்வினால் விடையளித்தவர் புனித யோசப் வாஸ் அடிகளார். அவர் கத்தோலிக்கக் குருவானவர். எனினும், சகல சமூகத்தவருக்கும் பொதுவானதொரு பாடம் அவரது வாழ்விலே உண்டு என்பதனாலேயே அவரை இங்கு நினைவுகூருகின்றோம்.

1651ஆம் ஆண்டு கோவாவின் பெனோலிம் கிராமத்திலே, கிறிஸ்தவத்தைத் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றில் அடிகளார் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், பின்னர் கோவாவின் சுதேச குருமார் அமைத்த ஒரட்டோரியன் சபையின் தலைவரானார். மதிப்பு மிக்க அப்பதவியிலேயே அவர் நிலைத்திருக்கலாம். ஆனால், இலங்கையிலிருந்த கத்தோலிக்க மக்களின் அவலம் அவரை அழைத்தது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்போருக்கும் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. இவ்விடத்தில் வரலாற்றின் மறுபக்கத்தை மறைப்பது முறையன்று. முன்னர் போர்த்துக்கேயர் ஆட்சியிலே இந்துக் கோயில்கள் இடிக்கப்பட்டன. கரையோரத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டு, கண்டி மன்னன் செனரத்திடம் தஞ்சம் புகுந்தனர். அதிகாரத்தின் துணையோடு வளர்ந்த சமயம், அந்த அதிகாரம் அகன்றதும் ஆதரவற்றுப் போயிற்று. யோசப் வாஸ் அடிகளாரோ எந்த அதிகாரத்தின் நிழலிலும் இங்கு வந்தவரல்லர்.

1686இல் கோவாவிலிருந்து புறப்பட்ட அவர், 1687இல் பணியாளர் ஜோன் துணைவர, பிச்சைக்காரர் கோலத்தில் எமது கரையை அடைந்தார். வயிற்றோட்டமும் பசியும் அவரை வாட்டின. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதனைக் கண்டோரின் முகக்குறிப்பிலிருந்தே கத்தோலிக்கர் யாரென அறிந்துகொண்டார். தமிழ் கற்றார். சில்லாலை அவரது பணிக்குத் தளமாயிற்று. வழிபாடுகள் இரவிலே இரகசியமாக நடைபெற்றன. 1689 நத்தார் காலத்தில் ஒல்லாந்தர் பலரைக் கைது செய்து தண்டித்தபோது அடிகளார் அவர்களது கையில் அகப்படவில்லை. அவருக்காக மக்கள் அனுபவித்த துன்பமும் இவ்வரலாற்றின் பிரிக்கமுடியாத பகுதியாகும்.

பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்தபோது, அவர் போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். காலப்போக்கிலே அவர் தீங்கற்றவர் என்பதை மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் உணர்ந்தான். அடிகளார் சிங்களமும் கற்றுக்கொண்டார்.

1697இல் கண்டி நகரைப் பெரியம்மை தாக்கியது. மன்னனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே கைவிட்டனர். அந்த நகரிலே நிலைத்து நின்றவர்கள் அடிகளாரும் அவரது மருமகனான கர்வால்ஹோ அடிகளாருமே. கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரைப் புதைத்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற பேதம் அங்கே பார்க்கப்படவில்லை. திரும்பி வந்த மன்னன், அடிகளார் தமது பணியைத் தடையின்றி ஆற்ற இடமளித்தான். படைபலத்தால் பெறமுடியாத நம்பிக்கையைப் பணிவிடை பெற்றுத் தந்தது.

இயேசு நாதர் தமது இறுதி இராப்போசனத்தின்போது சீடர்களின் பாதங்களைக் கழுவியதாக விவிலியம் கூறுகின்றது. அக்காலத்திலே அது அடிமையின் வேலையாகும். குரு என்ற நிலையிலிருந்தவரே அதனைச் செய்தமையால், தலைமையென்பது பணிவிடையே என்ற கருத்துக் கிறிஸ்தவத்தின் அடிநாதமாயிற்று. அடிகளார் அக்கருத்தைப் பிரசங்கமாக மாத்திரம் விட்டுவிடவில்லை. மேலும் குருமார் வந்து சேர்ந்து, அவர்களுக்குத் தலைவரான பின்னரும் அவரது எளிய வாழ்க்கை மாறவில்லை. ஆயர் பதவி தேடிவந்தபோதும் அதனை ஏற்க மறுத்தார்.

1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலே அவர் காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். ஆயினும், அவரது கல்லறை எங்குள்ளது என்பது இன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது.

வாழும்போதே தமக்குச் சிலை எழுப்பிக்கொள்ளும் தலைவர்களைக் கண்டு பழகிய எமக்கு, இது சிந்திக்க வேண்டியதொரு விடயமாகும். யுத்தத்தையும் ஆழிப்பேரலையையும் கொள்ளை நோயையும் கண்டவர்கள் நாம். அவ்வேளைகளிலே எம்மோடு நின்றவர் யார், அகன்றவர் யார் என்பதை அறிவோம். ஒருவரைத் தலைவர் என ஏற்குமுன், அவரது சமயத்தையோ சமூகத்தையோ மாத்திரம் பாராது, இந்த அளவுகோலைக் கொண்டும் அளந்துபார்க்கும் பக்குவம் எமக்கு வரவேண்டும். அடிகளாருக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான மரியாதை அதுவேயாகும்.