ஒரு பிடி அரிசி: அர்ச். குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா



பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்று பிள்ளையின் கையில் சீட்டு வந்தால் நம் வீடுகளில் நடப்பது என்ன? தகப்பனார் ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கி அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். தாய் இருங்காட்டுக்கோட்டையில் காலை ஷிப்டுக்குப் போயிருப்பாள். வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டி போவாள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த குடும்பமானால் பாட்டியும் இல்லை. கையெழுத்திட்ட சீட்டு மாத்திரம் பள்ளிக்குத் திரும்பிப் போகும். இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. ஒரு நாள் சம்பளம் பிடிபட்டால் வீட்டு வாடகைக்கு யாரிடம் கேட்பது? ஆனால் கட்டணம் கட்டியதோடு நம் பங்கு தீர்ந்தது, மற்றதெல்லாம் சிஸ்டர்மார் பாடு, வாத்தியார் பாடு என்கிற நினைப்பு நமக்குள் மெள்ள மெள்ளக் குடியேறிவிட்டது. அதுதான் யோசிக்க வேண்டிய காரியம். ஆகையால் மலையாள நாட்டில் 150 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, வயலையும் படகையும் நம்பிப் பிழைத்த குடும்பங்களைப் பள்ளியோடு பிணைத்த ஒரு குருவானவரின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்லுகிறோம்.

ஆலப்புழைக்குக் கிழக்கே குட்டநாடு என்னும் பிரதேசம் உண்டு. கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நெல் வயல்கள். எங்கு பார்த்தாலும் தண்ணீர். கோவிலுக்குப் போவதும் படகில்தான். அங்கே கைனகரி என்ற ஊரில் குரியாக்கோஸ் சாவறா, மரியம் தோப்பில் என்னும் பக்தியுள்ள தம்பதிகளுக்கு 1805 பிப்ரவரி 10ஆம் தேதி நம் அர்ச்சியசிஷ்டர் பிறந்தார். அவ்வருடம் செப்டம்பர் 8ஆம் தேதி, தேவமாதாவின் பிறந்த திருநாளன்று, தாயார் குழந்தையை வெச்சூர் மாதா கோவிலுக்கு எடுத்துச் சென்று ஒப்புக்கொடுத்தாள். செபங்களையும் வேத சத்தியங்களையும் அவர் முதன்முதல் கற்றது அந்தத் தாயின் மடியிலேதான். வயது முதிர்ந்து, சபைத் தலைவராகி, பெரும் பொறுப்புகளைச் சுமந்த பின்பும் அதை அவர் மறக்கவில்லை. தாம் இயற்றிய ஆத்மானுதாபம் என்ற காவியத்தில் தாயின் போதனையை நன்றியோடு நினைத்துப் பாடியிருக்கிறார்.

ஐந்து வயதில் ஊர்க் களரியில் ஓர் இந்து ஆசானிடம் எழுத்துப் படித்தார். 1818இல் பள்ளிப்புறம் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே அதிபராயிருந்தவர் பாலைக்கல் தோமா மல்பான். மல்பான் என்றால் சிரியாக் ரீதியில் குருமாணவருக்குப் போதிக்கும் ஆசிரியர் என்று பொருள்.

குருமடத்தில் இருக்கையில் பேரிடி விழுந்தது. ஊரில் பரவிய கொள்ளை நோயில் தகப்பனாரும் தாயாரும் ஒரே சகோதரனும் மாண்டார்கள். சகோதரனுக்கு ஒரு பெண் குழந்தை மாத்திரம் மிஞ்சியது. குடும்பம் அழிந்துபோகும், வந்து வீட்டைக் காப்பாற்று என்று உறவினர் வற்புறுத்தினார்கள். அவர் ஊருக்குப் போய், மணமான சகோதரியின் குடும்பத்திடம் வீட்டையும் பொறுப்புகளையும் ஒப்படைத்துவிட்டு மறுபடி குருமடம் சேர்ந்தார். பிற்காலத்தில் பெற்றோருக்கென்று அத்தனை கருத்தாய் எழுதியவர், தம் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1829 நவம்பர் 29ஆம் தேதி அர்த்துங்கல் கோவிலில் குருப்பட்டம் பெற்றார். பாலைக்கல், போரூக்கரை என்ற இரண்டு மல்பான்மாரோடு சேர்ந்து 1831 மே 11ஆம் தேதி கோட்டயத்துக்கு அருகே மான்னானத்தில் ஒரு சந்நியாச மடத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அந்த இருவரும் 1841லும் 1846லும் மரித்துப்போக, பாரம் முழுவதும் இவர் தோளில் இறங்கியது. 1855 டிசம்பர் 8ஆம் தேதி பத்துப் பேரோடு வார்த்தைப்பாடு கொடுத்தார். இன்று சி.எம்.ஐ. என்று நாம் அழைக்கும் சபை அதுவே. வாழைத்தண்டில் மாதிரி செய்து காட்டி, தச்சரைக் கொண்டு மர அச்சியந்திரம் செய்வித்து 1846இல் அச்சுக்கூடம் திறந்த கதையைத் தனியாகவே எழுதலாம், இங்கே இடமில்லை.

அதே 1846இல் மான்னானத்தில் ஒரு சமஸ்கிருதப் பள்ளியைத் தொடங்கினார். பக்கத்து ஆர்ப்பூக்கரையில் ஒடுக்கப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான் என்றால், அக்காலத்தில் இது எத்தனை துணிவான காரியம் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் பள்ளியைத் திறந்தவுடன் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? வயலில் கூலி வேலை செய்யும் வீட்டில் பத்து வயதுப் பையனும் ஒரு கைதான். அவன் படிக்கப் போனால் அன்றைய கஞ்சியில் ஒரு பங்கு குறையும். ஆகவே பள்ளியிலேயே மத்தியானச் சோறு போட வேண்டும் என்று தீர்மானித்தார். நம் தமிழ்நாட்டில் காமராசர் அரசாங்கம் மதிய உணவைப் பள்ளிகளில் பரப்பியது 1956க்குப் பின்தான்.

அரிசிக்கு எங்கே போவது? இதற்கு அவர் கண்ட வழிதான் பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து தாய் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அது வாரந்தோறும் கோவிலுக்கு வந்து சேரும். அங்கிருந்து பள்ளிப் பிள்ளைகளின் சோற்றுக்குப் போகும். தினமும் உலையண்டை நிற்கும்போது, தன் பிள்ளையும் பிறர் பிள்ளையும் படிக்கிற பள்ளி தாயின் நினைவில் வந்து போனது. கூட்டத்துக்குப் போக முடியாதவளும் அந்தப் பள்ளியில் பங்காளி ஆனாள். ஆயிரம் ரூபாய் நன்கொடை எழுதியவரைவிட அவளுக்கு அதில் உரிமை குறைவென்று யார் சொல்லுவது?

1861இல் ரோக்கோஸ் என்னும் ஆயர் வந்து கலகம் மூட்டிய காலத்தில், வராப்புழைப் பேராயர் பெர்நார்தீன் ஆண்டவர் இவரைச் சிரியாக் ரீதிக் கத்தோலிக்கருக்கு விகார் ஜெனரலாக நியமித்தார். அந்த அதிகாரத்தைக் கொண்டு 1864இல் ஒவ்வொரு கோவிலை ஒட்டியும் ஒரு பள்ளி கட்டப்பட வேண்டும் என்று கட்டளை பிறந்தது. கட்டாத கோவிலுக்குத் தண்டனை உண்டென்ற எச்சரிக்கையும் கூடவே போனது. சற்றுக் கடுமைதான். மலையாளத்தில் பள்ளி என்றால் கோவில். பள்ளிக்கூடம் என்ற சொல்லே இதிலிருந்து பிறந்தது என்பாரும் உண்டு. நம் தமிழில் அச்சொல் அதற்கு வெகுகாலம் முந்தியது. ஆகையால் அதை நாம் வற்புறுத்த வேண்டாம்.

1866இல் லெயோப்போல்து சுவாமியாரோடு சேர்ந்து கூனம்மாவில் பெண்களுக்கென ஒரு கன்னியர் சபையை ஏற்படுத்தி, பெண் பிள்ளைகளின் கல்விக்கும் அடி கோலினார்.

1868 பிப்ரவரியில் தம் சொந்த ஊரான கைனகரிப் பங்கு மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு நல்ல அப்பனின் சாவருள் என்பது அதன் பெயர். தகப்பன் மக்களுக்கு விட்டுப்போகும் மரண சாசனம் என்று சொல்லலாம். அதன் முதல் பாகம் குடும்ப ஒழுங்கு. அவசியமின்றிக் கடன் வாங்க வேண்டாம், வேலைக்காரருக்குரிய கூலியைக் குறைக்க வேண்டாம் என்றெல்லாம் அதில் வரும். கடன் பேச்சு நம் பக்கத்துக்கும் நன்றாய்ப் பொருந்தும். இரண்டாம் பாகம் முழுவதும் பிள்ளை வளர்ப்பு. பிள்ளைகள் சர்வேசுரன் பெற்றோரிடம் ஒப்படைத்த திரவியம் என்று தொடங்குகிறார். வயது வந்ததும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்; அனுப்பியதோடு விடாமல் எப்படிப் படிக்கிறார்கள், யாரோடு சேருகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்; ஞாயிறுதோறும் படித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். அதிகக் கண்டிப்பும் கெடுதி, அதிகச் செல்லமும் கெடுதி என்பது அவர் தீர்ப்பு. தக்க வயதில் தங்கள் அந்தஸ்தைத் தெரிந்துகொள்ளும் சுதந்திரத்தைப் பிள்ளைகளுக்கே விட வேண்டும் என்கிறார். அந்நாளில் இதை எழுதியது சாதாரணமல்ல. சில விதிகள் இக்காலத் தாய் தகப்பனுக்கு மிஞ்சிய கண்டிப்பாகத் தோன்றலாம், எனக்கும் தோன்றின. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விசாரணை எந்த ஷிப்டிலும் முடியக்கூடியது. எழுதத் தெரியாத தகப்பனும் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, இவ்வாரம் என்ன படித்தாய் என்று கேட்கலாமல்லவா?

நூறாண்டு கழித்துத் திருச்சபை இதையே பொதுவில் சொன்னது. 1965 அக்டோபர் 28ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் பெற்றோரே முதல் ஆசிரியர் என்று போதித்து, பெற்றோர் சங்கங்களை ஆதரித்தது. 1983ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டம் 796ஆம் விதியில், ஆசிரியர் பெற்றோரோடு நெருங்கி உழைக்கவும், பெற்றோர் சங்கங்களோ கூட்டங்களோ ஏற்படுத்தி அவற்றை மதிக்கவும் கட்டளையிடுகிறது. நம் நாட்டின் 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சிறுபான்மையோர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெற்றோர் குரல் ஒலிப்பது, பள்ளி அதை விரும்பிக் கேட்பதையும் பெற்றோர் வந்து பேசுவதையும் பொறுத்தது. பையன் தப்புச் செய்த அன்று மாத்திரம் தகப்பனை வரவழைக்கும் பள்ளியும் இதை யோசிக்கட்டும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் கூட்டம் வைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று ஒருமுறையேனும் பார்க்கலாம்.

1869இல் கைனகரியில் நன்மரண சபையும், ஆதரவின்றிச் சாகக் கிடப்போருக்கு ஓர் இல்லமும் அவர் ஏவுதலால் உண்டாயின. அதையும் ஊர்க் குடும்பங்களே தாங்கின. 1871 சனவரி 3ஆம் தேதி கூனம்மாவில் உயிர் துறந்தார். 1889இல் அவரது எலும்புகள் மான்னானத்துக்குக் கொண்டுவரப்பட்டன. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் 1986 பிப்ரவரி 8ஆம் தேதி கோட்டயத்துக்கே வந்து முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2014 நவம்பர் 23ஆம் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அர்ச்சியசிஷ்ட பட்டம் சூட்டினார்.

கைனகரியாருக்கு எழுதிய கடிதத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மாத முதல் சனிக்கிழமை வீட்டார் யாவரும் கூடி வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தமக்குப் பின் தம் மக்களுக்கு வைத்துப்போக வேறு சொத்து அவரிடம் இருக்கவில்லை.