கடல் கடந்து பணிக்கு வந்த கர்னல் மெக்கன்சி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து செல்வது இன்று நம் இல்லங்களில் இயல்பாகிவிட்டது. சென்ற இடத்தில் பொருள் ஈட்டியவர் பலர்; அந்நாட்டு மக்களின் வரலாற்றையும் தேடிக் காத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் கர்னல் காலின் மெக்கன்சி. நம் சமயத்தார் மறவாமல் போற்றத்தக்க இப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே லூயிஸ் என்னும் தீவு உள்ளது. அதன் துறைமுக ஊராகிய ஸ்டோர்னோவேயில் 1754ஆம் ஆண்டளவில் மெக்கன்சி பிறந்தார். தந்தையார் வணிகர், அவ்வூர் அஞ்சல் அதிகாரியாகவும் விளங்கினார். மெக்கன்சியும் வளர்ந்தபின் அவ்வூரிலேயே சுங்க அதிகாரியாக அமர்ந்தார். நிலையான பணி, சொந்த ஊர், சுற்றம் ஆகிய யாவும் அவருக்கு வாய்த்திருந்தன. எனினும் முப்பது வயதை நெருங்கும் வேளையில் அவற்றையெல்லாம் துறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து கப்பலேறினார். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல திங்கள் பயணம் செய்து, 1783ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் சென்னையை அடைந்தார். அன்று விட்டுப் பிரிந்த ஊரை அவர் மீண்டும் காணவே இல்லை.

ஊரில் இருந்தபோதே இந்தியரின் கணித அறிவைப் பற்றி அறியும் வேட்கை அவருக்கு இருந்தது. மடக்கைக் கணிதம் கண்ட நேப்பியரின் வழித்தோன்றலாகிய ஹெஸ்டர் ஜான்ஸ்டன் அம்மையார் அந்நாளில் மதுரையில் வாழ்ந்தார். அவர் அழைப்பின்பேரில் மதுரை சென்ற மெக்கன்சி, அங்கிருந்த பண்டிதர்களோடு அளவளாவினார். இந்நாட்டின் பழைமையை ஆராய வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. ஆயினும் பணிக்கு வந்தவர் பணியைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? போர்களும் முற்றுகைகளும் அளவைப் பணிகளும் அவருடைய முதல் பதின்மூன்று ஆண்டுகளை விழுங்கிவிட்டன. இந்திய மொழி எதையும் முறையாகக் கற்க அவருக்கு ஓய்வே கிட்டவில்லை. அக்குறையை அவர் பின்னாளில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

1796இல் இலங்கைப் படையெடுப்பிலிருந்து திரும்பியபின் காவலி வெங்கட போரய்யா என்னும் தெலுங்கு அந்தண இளைஞர் அவருக்குத் துணையானார். இந்திய அறிவுலகின் வாயிலைத் தமக்குத் திறந்தவர் அவ்விளைஞரே என்று மெக்கன்சி நன்றியுடன் கருதினார். 1803இல் போரய்யா இளமையிலேயே மறைய, அவர்தம் இளவல் லட்சுமய்யா அப்பொறுப்பை ஏற்றார்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் பத்தாண்டுகள் நீடித்த அவ்வளவையில் 40,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம் அளக்கப்பட்டது. ஆட்சிக்கும் வரிவிதிப்பிற்கும் பயன்படவே கம்பெனி இப்பணியைச் செய்வித்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் மெக்கன்சி நிலத்தை மட்டும் அளக்கவில்லை. ஊர்தோறும் உதவியாளர்களை அனுப்பிக் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். ஏடுகளையும் காசுகளையும் திரட்டினார். முதியோர் வாய்மொழியாகக் கூறிய ஊர் வரலாறுகளை எழுதி வாங்கினார். இதற்கான செலவில் பெரும்பகுதி அவருடைய ஊதியத்திலிருந்தே சென்றது.

இங்குதான் நம் சமயத்தவர் ஒருவர் வரலாற்றில் இடம்பெறுகிறார். கனககிரித் திருத்தலம் விளங்கும் மலேயூரைச் சேர்ந்த சமணப் பண்டிதர் தர்மய்யா மெக்கன்சியின் குழுவில் சேர்ந்தார். பிறர் படிக்க இயலாத பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் கூறும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அக்காலத்து ஐரோப்பியர் பலர் சமணத்தையும் பௌத்தத்தையும் ஒன்றெனவே மயங்கியிருந்தனர். அம்மயக்கத்தை நீக்கும் சான்றுகள் மெக்கன்சியின் முயற்சியால் வெளிவரலாயின. சமண குரு ஒருவரிடம் கேட்டறிந்து போரய்யா மொழிபெயர்த்த கட்டுரை, 1807இல் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஒன்பதாம் ஆய்வுத் தொகுதியில் வெளியாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1817இல் தம் நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய மடலில், தம் உழைப்பின் பயன்களை மெக்கன்சி வரிசைப்படுத்தினார். சமண சமயத்தை அறிந்ததும் அது பௌத்தத்தினின்று வேறானது என உணர்ந்ததுமே அவ்வரிசையில் முதலிடம் பெற்றன.

1811இல் படையோடு சாவகத் தீவிற்கு அனுப்பப்பட்டார். மீண்டும் ஒரு கடற்பயணம். மீண்டும் ஒரு புதிய நாடு. அங்கும் ஏடுகளையும் கோயில்களையும் தேடினார். 1812இல் டச்சு மங்கை ஒருவரை அங்கே மணந்தார். அவர் இல்லாத காலத்திலும் லட்சுமய்யா முதலானோர் இங்குத் தொகுப்புப் பணியைத் தளராது தொடர்ந்தனர். 1815இல் இந்தியா முழுமைக்குமான முதல் தலைமை நில அளவை அதிகாரியாக மெக்கன்சி நியமிக்கப்பெற்று, 1817இல் கல்கத்தா சென்றார். தொகுத்தவற்றை ஒழுங்குபடுத்தி உலகிற்கு அளிக்க விழைந்தார். அது நிறைவேறும் முன்பே, 1821ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கல்கத்தாவை அடுத்து இயற்கை எய்தினார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கம்பெனி ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 1828இல் வில்சன் வெளியிட்ட அட்டவணையின்படி அதில் 1,568 இலக்கியச் சுவடிகளும், 2,070 ஊர் வரலாறுகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும், 6,218 காசுகளும் இருந்தன. பணியைத் தாமே தொடர லட்சுமய்யா விழைந்தும் அவ்வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது வருந்தத்தக்கது. தொகுப்பின் ஒரு பகுதி இலண்டன் சேர்ந்தது. ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. சென்னையை அடுத்த புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்கள், சமண முனிவர் ஒருவரால் நம் சமயம் தழுவிய வரலாறும் இத்தொகுப்பினாலேயே நமக்குக் கிடைத்தது.

1816இல் தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் மெக்கன்சியை வரைந்தார். அவ்வோவியம் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. மெக்கன்சி அதில் தனித்து நிற்கவில்லை. உதவியாளர் மூவரும் உடன் நிற்கின்றனர். பின்னணியில் கார்க்களத்துக் கோமடேசுவரர் காட்சி தருகிறார். கையில் ஓலைச்சுவடியுடன் நிற்பவர் தர்மய்யா என்பர்.

வேலைக்காக வந்தவர் அறிய விரும்பிக் கேட்டார். இங்கிருந்தவர் தம் சமயத்தைக் கற்றிருந்தமையால் விடை கூறினார். இவ்விரண்டும் கூடியதனால் நம் முன்னோரின் சுவடு அழியாமல் நின்றது. இன்று நம் மக்கள் பணியின் பொருட்டு அயல்நாடு செல்கின்றனர். அங்குள்ளார் வரலாற்றை மெக்கன்சியைப் போல் பணிவுடன் கேட்டறிதலும், நம் சமயம் யாது என அவர்கள் வினவும்போது தர்மய்யாவைப் போல் தெளிவுடன் விடை கூறுதலும் அவர்தம் கடமைகளாகும். விடை கூறும் தகுதியை அவர்கள் புறப்படும் முன்பே இல்லத்தில் ஊட்டி அனுப்புவது பெற்றோராகிய நம் கடமையாகும்.