அரைச் சம்பள மாணவர்

மாணவர் தலைவன் என்று நாம் யாரைச் சொல்லுகிறோம்? சங்கக் காரியதரிசியாக இருப்பவனையும், மேடையில் தங்கு தடையின்றிப் பேசுபவனையும், ஊர்வலத்தின் முன்னே கொடி பிடித்துச் செல்பவனையும் சொல்லுகிறோம். இவர்களுடைய தொண்டைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. ஆயினும், ஒரு ஹைஸ்கூலில் பயிலும் சிறுவர்களுக்கு ஆதரிசமாக விளங்குவதற்கு இது ஒன்றே மார்க்கம் என்று எண்ணுவது பெரும் பிசகாகும். மேடை ஏறாமலும், பதவி ஒன்றும் வகியாமலும், பள்ளிக்கூடம் முழுவதும் தம்மை நோக்கித் திரும்பும்படி செய்த மாணவர் ஒருவர் காவேரிக் கரையில் இருந்தார். அவர்தாம் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். அவருடைய கேம்பிரிட்ஜ் வாழ்க்கையை உலகம் அறியும். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை நம் மாணவர்கள் போதிய அளவு அறியார்கள்.

ராமாநுஜன் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி தம் தாயாரின் பிறந்தகமாகிய ஈரோட்டில் பிறந்தார். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தார். தகப்பனார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடியும், கலாசாலை மாணவர்களை வீட்டில் வைத்து உணவளித்தும் குடும்பத்துக்குத் துணை செய்தார். 1897-ம் வருஷம் நடந்த பிரைமரிப் பரீக்ஷையில் இச்சிறுவர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறினார். அதன் பயனாக டவுன் ஹைஸ்கூலில் பாதிச் சம்பளம் செலுத்திப் படிக்கும் சலுகை கிடைத்தது. இந்த அரைச் சம்பளச் சலுகையை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இது பின்னர் வேறோர் உருவில் திரும்பி வருகிறது.

இரண்டாம் பாரத்தில் படிக்கும்போதே, கணிதத்தின் மிக உயர்ந்த உண்மை யாது என்று மேல் வகுப்பு மாணவர்களை விசாரிக்கத் தொடங்கினார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றுதான் வரும் என்று உபாத்தியாயர் கற்பித்தபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று எழுந்து கேட்டார். நான்காம் பாரத்தில் இருக்கையில், பக்கத்து வீட்டு பி.ஏ. மாணவர் ஒருவரிடம் லோனி என்பவர் இயற்றிய திரிகோண கணித நூலை இரவல் வாங்கிப் படித்து, அதிலுள்ள கணக்குகள் யாவற்றையும் பிறர் துணையின்றிச் செய்து முடித்தார். நூலை இரவல் கொடுத்த அந்த பி.ஏ. மாணவரே பிற்பாடு கடினமான கணக்குகளுக்கு இச்சிறுவரைத் தேடி வரலானார். வயதும் வகுப்பும் மறந்து பிறர் வந்து கேட்கும்படி இருப்பதே தலைமை. அதைத் தேர்தல் வைத்துக் கொடுக்க இயலாது.

ஐந்தாம் பாரத்தில் இருக்கையில் சில திரிகோண கணித உண்மைகளைத் தாமே கண்டுபிடித்தார். அவற்றை ஐரோப்பியக் கணித ஆசிரியர் ஆய்லர் முன்னமே நிறுவியிருக்கிறார் என்று அறிந்ததும், தாம் எழுதிய காகிதத்தை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்துவிட்டார். புகழை விட உண்மையை மேலாக மதித்த உள்ளத்துக்கு இதைக் காட்டிலும் அத்தாட்சி வேண்டியதில்லை.

பள்ளிக்கூடமும் அவரை உணர்ந்து நடந்தது. சுமார் 1,200 மாணவர்களையும் ஏறக்குறைய 35 உபாத்தியாயர்களையும் வகுப்புவாரியாகப் பொருத்திக் கால அட்டவணை அமைக்கும் சிக்கலான வேலையில், மூத்த கணித உபாத்தியாயர் கணபதி சுப்பையர் இவருடைய உதவியைப் பெற்றார். நம்பிக்கை வைத்துப் பொறுப்பை ஒப்படைப்பதைக் காட்டிலும் சிறந்த பாடம் ஒரு மாணவனுக்கு ஏது? 1904-ம் வருஷத்துப் பரிசளிப்பு விழாவில் ரங்கநாத ராவ் கணிதப் பரிசை வழங்கியபோது, முழு எண்ணைக் காட்டிலும் அதிகம் பெறத் தக்கவர் இவர் என்று தலைமை உபாத்தியாயர் கிருஷ்ணசாமி ஐயர் சபையறியக் கூறினார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இது முதல் மார்க்கு வாங்கியவரின் கதையாகவே இருந்திருக்கும். மெட்ரிகுலேஷன் தேறி உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் சேர்ந்த ராமாநுஜன், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் நின்றது. சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும், 1907-ல் எப்.ஏ. பரீக்ஷை எழுதித் தேறவில்லை. பள்ளிக்கூடம் மனிதனைக் கண்டது. பரீக்ஷை முறையோ விடைத்தாளை மட்டும் கண்டது.

வேலையின்றி அலைந்த அந்நாட்களில் அவருக்குக் கைகொடுத்தது பழைய பள்ளித் தொடர்பு. முன்பு இவரது திறமையைக் கேள்வியுற்றுக் கணக்கொன்று கொடுத்துச் சோதித்த மேல் வகுப்பு மாணவர் ஸி. வி. ராஜகோபாலாசாரி, 1910-ல் இவரைச் சென்னையில் சந்தித்தார். நெல்லூர்க் கலெக்டர் ராமசந்திர ராவைக் காணத் துணை நின்றார். கலெக்டர் மாதம் 25 ரூபாய் உதவினார். 1912-ல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். இந்தியரில் அப்பெருமை பெற்ற இரண்டாமவர் அவரே.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். தாய்நாடு திரும்பும் அவருக்கு வருஷம் 250 பவுன் அளிக்கச் சென்னைச் சர்வகலாசாலை தீர்மானித்தது. நோயாளியாக இங்கிலாந்தில் இருந்த ராமாநுஜன் 1919-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி பதில் எழுதினார். பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்து, தமது அவசியச் செலவுகள் போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் அளிப்பதற்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். அரைச் சம்பளத்தில் படித்த பிள்ளை, இரவல் புத்தகத்தில் கற்ற பிள்ளை, தம் பின்னே வரும் பிள்ளைகளை மறக்கவில்லை. அடுத்த வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, 32-வது பிராயத்தில், சென்னையில் காலமானார்.

தலைமடையில் நீர் நிறைந்து நிற்பதனால் மட்டும் வாய்க்காலுக்குப் பெருமையில்லை. கடைமடை வயலுக்கும் பாய வேண்டும் என்பது தஞ்சைக் குடியானவன் அறிந்த நியாயம். கல்வியிலும் அதுவே நியாயம். முன்னே நிற்பவன் பின்னே நிற்பவனுக்கு வழி விட வேண்டும்.

ராமாநுஜனின் மேதை எல்லாருக்கும் வாய்ப்பதன்று. ஆனால் அறியாததைக் கூச்சமின்றிக் கேட்பதும், கேட்டு வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதும், ஒப்படைத்த வேலையைச் செய்து முடிப்பதும், பெற்ற சலுகையைப் பிறருக்குத் திருப்பித் தருவதும் எந்த மாணவனுக்கும் எட்டக் கூடியவை. மாணவர்களிடையே தொண்டு செய்யும் நண்பர்கள் கொடி பிடிக்கும் கைகளை மட்டும் எண்ண வேண்டாம். சம்பளம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை எவன், அவனுக்காகப் பேசும் மாணவன் எவன் என்று ஒவ்வொரு ஊரிலும் விசாரிப்பார்களாக. தலைவனை அங்கே காணலாம்.