ஜேக்கப் ரீஸ்

ஜேக்கப் ரீஸ் (மே 3, 1849 – மே 26, 1914) டென்மார்க்கில் பிறந்த அமெரிக்க இதழாளரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். 1870 இல் நியூயார்க்கில் குடியேறிய இவர், வறுமையினால் காவல் நிலைய விடுதியில் தங்க நேர்ந்தது. 1877 முதல் காவல்துறைச் செய்தியாளராகப் பணியாற்றினார். சேரிகளின் அவலத்தை உணர்த்த எழுத்து மட்டும் போதாதெனக் கருதிய இவர், மக்னீசியத் தூளை எரித்து உண்டாக்கிய ஒளியில் இருண்ட அறைகளைப் படம்பிடித்தார்.

1888 சனவரியில் இப்படங்களைக் கண்ணாடிப் படவில்லைகளாக்கித் திரையில் பெரிதாகக் காட்டி, முதல் சொற்பொழிவை நிகழ்த்தினார். படத்திலுள்ளோரின் கதைகளை எடுத்துரைத்து அவையோரை ஈர்ப்பது இவரது முறையாகும். இச்சொற்பொழிவே 1890 இல் நூலாக விரிவடைந்தது. நூலைப் படித்த தியோடோர் ரோசவெல்ட் இவருக்கு நண்பரானார். அவர் நகரக் காவல் ஆணையர் குழுத் தலைவராக இருந்தபோது, 1896 இல் காவல் நிலைய விடுதிகள் மூடப்பட்டன.